பூட்டபிள் பென்டிரைவ்: ஐஎஸ்ஓ கோப்பைக் காப்பி செய்தால் மட்டும் ஏன் போதாது?

கணினியில் புதிதாக ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) போட முயல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் இடறுகிறார்கள். இணையத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றை, அதாவது ஓஎஸ் உள்ள ஒரு முழு டிஸ்கின் நகலை, இறக்குகிறார்கள். பென்டிரைவைத் திறந்து அதில் காப்பி செய்கிறார்கள். லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, மறுபடி ஆன் செய்கிறார்கள். எதுவும் நடப்பதில்லை, பழைய விண்டோஸே எழுந்து வருகிறது. கோப்பு என்னவோ பென்டிரைவில் இருக்கத்தான் செய்கிறது, திறந்து பார்த்தால் தெரிகிறது. லேப்டாப்புக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

இதற்கு விடை பிடிபட்டால் மற்றவை எல்லாம் சில்லறை விஷயம். எந்த மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று சொல்லித்தர வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து அப்படியே செய்தவர்கள்கூட, திரையில் எதிர்பாராத ஒரு வரி வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கணினி எதைத் தேடுகிறது, எங்கே தேடுகிறது என்று தெரிந்தவருக்கு அந்த வரியிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

இதைக் கற்றுக்கொள்ள இப்போது ஒரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கி மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் பலவும் சேர்த்து, இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ இயந்திரங்கள் இந்த வாசலைத் தாண்ட முடிவதில்லை. அப்படி ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போடப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது விண்டோஸ் 10 ஓடும் கணினியும் ஒரு பென்டிரைவும்.

ஆன் செய்த முதல் சில நொடிகள்

பவர் பட்டனை அழுத்தும் நேரத்தில் கணினிக்கு விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மதர்போர்டில் உள்ள ஒரு சின்னச் சிப்பில் எழுதப்பட்ட நிரல்தான் முதலில் ஓடும். ரேம், கீபோர்டு, திரை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பது, அடுத்து யாரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று தேடுவது, இவ்வளவுதான் அதன் வேலை.

பழைய கணினிகளில் அந்த நிரலின் பெயர் பயாஸ். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்துச் சரக்கு. அதற்கு ஃபோல்டர் தெரியாது, கோப்பு தெரியாது. டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதன் கடைசி 2 பைட்டில் ஒரு குறிப்பிட்ட அடையாளம் இருந்தால், ‘இது பூட் ஆகக்கூடியது’, அதாவது இதிலிருந்து கணினியை எழுப்பலாம் என்று நம்பி, அந்த 512 பைட்டில் உள்ள நிரலை ஓடவிடும். அந்தச் சின்ன இடத்திலும் 64 பைட் பார்ட்டிஷன் விவரத்துக்கு, அதாவது டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்புக்குப் போய்விடுவதால், நிரலுக்கு மிஞ்சுவது சுமார் 446 பைட். ஏறக்குறைய மூன்று எஸ்எம்எஸ் அளவுதான். அதில் ஓர் இயங்குதளத்தை அடைக்க முடியுமா? முடியாது. டிஸ்கின் வேறோர் இடத்தில் இருக்கும் பெரிய நிரலை எழுப்பிவிடுவதோடு அதன் கடமை முடிந்தது.

2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது யூஇஎஃப்ஐ. பேச்சுவழக்கில் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம், ஆனால் இது கொஞ்சம் படித்த பிள்ளை. ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பார்ட்டிஷனைத் திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகளைப் படிக்கத் தெரியும். பென்டிரைவைக் கண்டால் அது தேடுவது ஒரு நிலையான முகவரியை: ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. இருந்தால் ஓட்டும். இல்லாவிட்டால் எதுவும் சொல்லாமல் அடுத்த டிஸ்குக்குப் போய்விடும். ஏஆர்எம் ப்ராசஸர் உள்ள கணினிகள் இதே ஃபோல்டரில் வேறொரு பெயருள்ள கோப்பைத் தேடும். சாதாரண இன்டெல், ஏஎம்டி லேப்டாப்புக்கான பென்டிரைவ் ஆப்பிளின் எம்1 மேக்கில் எழாமல் போவதற்கு ஒரு காரணம், ப்ராசஸரே வேறு வகை என்பது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். காப்பி செய்த ஐஎஸ்ஓ, பென்டிரைவில் ஒரே ஒரு பெரிய கோப்பாக உட்கார்ந்திருக்கிறது. பயாஸ் பார்க்கும் முதல் 512 பைட்டில் அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. யூஇஎஃப்ஐ தேடும் ஃபோல்டர் இருக்கிறது, ஆனால் அந்த ஐஎஸ்ஓ கோப்பின் வயிற்றுக்குள் இருக்கிறது. தபால்காரர் வாசலில் கதவு எண்ணைத்தான் பார்ப்பார். உள்ளே வந்து பீரோவைத் திறந்து, அதற்குள் பூட்டி வைத்த பெட்டியில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா என்று தேட மாட்டார். மதர்போர்டுச் சிப்பும் அப்படித்தான்.

ஐஎஸ்ஓ என்பது சிடிக்காக வந்த ஏற்பாடு

சிடியில் கோப்புகளை எப்படி அடுக்குவது என்பதற்கு 1988-இல் ஐஎஸ்ஓ 9660 என்ற தரம் வெளியானது. கோப்பின் பெயரில் உள்ள ஐஎஸ்ஓ அங்கிருந்து வந்ததுதான். ஒரு சிடியில் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை என்ன இருக்க வேண்டுமோ, அதை அப்படியே நகலெடுத்து ஒரே கோப்பாக வைத்திருப்பதுதான் ஐஎஸ்ஓ. சிடியிலிருந்து பூட் செய்வதற்கான எல் டொரிட்டோ என்ற முறை 1995-இல் வந்தது.

பென்டிரைவோ சிடி கிடையாது. மதர்போர்டு அதை ஹார்ட் டிஸ்க் போலத்தான் நடத்தும். அப்படியென்றால் சிடிக்கான ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதினால் எப்படி பூட் ஆகிறது? இங்கே லினக்ஸ்காரர்கள் செய்த ஒரு வேலை உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஐஎஸ்ஓ 9660 தரப்படி சிடியின் முதல் 32 கேபி இடம் எதற்கும் பயன்படாமல் சும்மா விடப்பட்டிருக்கிறது. பயாஸ் தேடும் 512 பைட் நிரலையும் பார்ட்டிஷன் விவரத்தையும் அந்தக் காலியிடத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். சிடியில் போட்டால் சிடி டிரைவ் அந்த 32 கேபியைக் கண்டுகொள்ளாது, அதைத் தாண்டிப் போய்ப் படிக்கும். பென்டிரைவில் எழுதினால் பயாஸ் அந்த முதல் 512 பைட்டைப் பார்த்து இது டிஸ்க்தான் என்று நம்பிவிடும். ஒரே கோப்புக்கு இரண்டு முகம். இதற்கு ஹைப்ரிட் ஐஎஸ்ஓ என்று பெயர். மின்ட், உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாமே இந்த வகை.

விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படிச் செய்யப்பட்டதில்லை. அதைப் பைட் பைட்டாகப் பென்டிரைவில் எழுதினால் பூட் ஆகாது. லினக்ஸுக்குச் சரியாக வேலை செய்த அதே மென்பொருள் விண்டோஸுக்குக் காலை வாருவது இதனால்தான். கோளாறு பென்டிரைவிலும் இல்லை, உங்களிடமும் இல்லை.

ஆக, பூட்டபிள் பென்டிரைவ் செய்ய இரண்டு வழி இருக்கிறது. ஐஎஸ்ஓவில் உள்ளதை முதல் பைட்டிலிருந்து அப்படியே பென்டிரைவின் மேல் எழுதுவது ஒன்று. ஐஎஸ்ஓவைப் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்புகளைச் சரியாக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் அடுக்குவது மற்றொன்று. இந்த வேலைக்கு இருக்கும் எல்லா மென்பொருளும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன.

இரண்டாவது வழிக்கு, யூஇஎஃப்ஐ கணினியாக இருந்தால், தனி மென்பொருளே வேண்டாம். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸில் மின்ட் ஐஎஸ்ஓவை இருமுறை கிளிக் செய்தால் அது ஒரு டிவிடி போலத் திறக்கும். உள்ளே இருக்கும் அத்தனையையும், ஒளிந்திருக்கும் ஃபோல்டர்களையும் விடாமல், பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். ஈஎஃப்ஐ ஃபோல்டர் இப்போது பென்டிரைவின் மேல்மட்டத்திலேயே இருப்பதால் சிப் கண்டுபிடித்துவிடும். எல்லா லினக்ஸும் இதற்கு ஒத்துவராது. சில வகைகள் பென்டிரைவின் பெயர்கூட அவர்கள் வைத்த பெயராகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஆனால் இதை ஒருமுறை செய்து பார்த்தவருக்கு பூட்டபிள் என்பதில் மாயமந்திரம் எதுவும் இல்லை என்று புரிந்துவிடும்.

எழுதுவதற்கு முன்

8 ஜிபி பென்டிரைவ் இருந்தால் மின்ட்டுக்கும் போதும், விண்டோஸ் 11-க்கும் போதும். மின்ட் 22 ஐஎஸ்ஓ 3 ஜிபியை ஒட்டி இருக்கும். யூஎஸ்பி 3 வகையாக இருந்தால் காத்திருக்கும் நேரம் குறையும், மற்றபடி வித்தியாசம் இல்லை. சந்தையில் 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே அதில் சொற்பம் மட்டுமே உள்ள போலிப் பென்டிரைவ்களும் விற்கின்றன. எழுதும்போது எல்லாம் சரி என்று காட்டிவிட்டு, இன்ஸ்டால் பாதியில் ‘கோப்பைப் படிக்க முடியவில்லை’ என்று நிற்பது பலநேரம் இவற்றின் கைங்கரியம்தான்.

பென்டிரைவில் இருக்கும் அத்தனையும் அழிந்துபோகும். அக்கா கல்யாண போட்டோ அதில்தான் இருக்கிறது என்பது எழுதி முடித்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. லேப்டாப்பில் உள்ளவற்றையும் வேறோர் இடத்தில் பேக்கப் எடுத்துவிடுங்கள். ஓஎஸ் போடும்போது ஒரு தவறான கிளிக் போதும், முழு டிஸ்கும் காலியாகிவிடும்.

ஐஎஸ்ஓவை அந்தந்த இயங்குதளத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். மின்ட்டில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என மூன்று வடிவங்கள் உண்டு. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பாக இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள் என்பேன்.

இறக்கியதும் பெரும்பாலோர் தாண்டிப்போகும் ஒரு படி இருக்கிறது: கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று சோதிப்பது. தளத்தில் எஸ்எச்ஏ-256 என்ற பெயரில் 64 எழுத்து நீளத்தில் ஒரு சரம் கொடுத்திருப்பார்கள். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் இந்தச் சரம் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தாலே இதைக் கணக்கிடும் மெனு வரும். பென்டிரைவில் எழுத நாம் பயன்படுத்தப்போகும் ரூஃபஸ் என்ற மென்பொருளிலும் இதற்கு ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. இரண்டு சரமும் ஒன்றாக இருந்தால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது. இடையில் நெட் அறுந்து குறையாக இறங்கிய கோப்பு இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இது வீண் ஜாக்கிரதை என்று தோன்றினால் 2016 பிப்ரவரியில் நடந்ததைக் கேளுங்கள். லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பை, பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) வைத்த ஒரு ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். பக்கம் அசல் பக்கம், கோப்பு மட்டும் போலி. சரத்தை ஒப்பிட்டவர்கள் தப்பித்திருப்பார்கள். தளமே களவுபோனால் அங்கே எழுதியிருக்கும் சரத்தையும் மாற்றிவிடலாமே என்று கேட்டால் சரியான கேள்வி. அதற்காகத்தான் அந்தச் சரங்களுக்கு டிஜிட்டல் கையொப்பமும் போட்டு வைக்கிறார்கள். முதன்முறை செய்கிறவர் கையொப்பம் வரை போகாவிட்டாலும் பரவாயில்லை, சரத்தை ஒப்பிடுவதையாவது விடாதீர்கள்.

எழுதுவது

விண்டோஸிலிருந்து செய்ய என் தேர்வு ரூஃபஸ். பீட் பட்டார்ட் என்பவர் 2011-லிருந்து நடத்திவரும் இலவச மென்பொருள். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, ஓரிரு எம்பி அளவுள்ள கோப்பை இறக்கி ஓடவிட்டால் போதும். மேலே பென்டிரைவையும், அதற்குக் கீழே ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்தால் மற்றதைப் பெரும்பாலும் அதுவே நிரப்பிவிடும். குழப்புவது ஒரே ஒரு இடம்: எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கும்.

இது பென்டிரைவின் பார்ட்டிஷன் விவரத்தை எந்த முறையில் எழுதுவது என்ற கேள்வி. ஓஎஸ் போடப்போகும் லேப்டாப் எந்த வகை என்று தெரிந்தால் பதில் தானாக வரும். அந்த லேப்டாப்பின் விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், அதில் ‘பயாஸ் மோடு’ என்ற வரி இருக்கும். எதிரில் லெகசி (பழைய பயாஸ் முறை) என்றிருந்தால் எம்பிஆர். யூஇஎஃப்ஐ என்றிருந்தால் ஜிபிடி. மின்ட் போன்ற ஹைப்ரிட் ஐஎஸ்ஓ என்றால் எம்பிஆரே பொதுவாக இரண்டு வகைக்கும் ஒத்துப்போகும், அதனால் ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

தொடங்கும் பட்டனை அழுத்தியதும், ஐஎஸ்ஓ முறையில் எழுதவா, டிடி முறையில் எழுதவா என்று ஒரு பெட்டி வரும். மேலே சொன்ன இரண்டு வழிகள்தான் இவை. ஐஎஸ்ஓ முறை என்றால் கோப்புகளைப் பிரித்து அடுக்கும். டிடி முறை என்றால் பைட் பைட்டாக எழுதும். முதலில் ஐஎஸ்ஓ முறை, அதில் பூட் ஆகாவிட்டால் டிடி.

தேர்வு எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கு எட்சர் என்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஐஎஸ்ஓவைக் காட்டு, பென்டிரைவைக் காட்டு, எழுது, அவ்வளவுதான். எழுதிய பிறகு படித்தும் சரிபார்க்கும். ஆனால் அது பைட் பைட்டாக எழுதும் ரகம். விண்டோஸ் ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் ‘இது சரிவராது’ என்று அதுவே எச்சரிக்கும்.

லினக்ஸில் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) பிரியர்கள் டிடி என்ற கட்டளையைச் சொல்வார்கள். வேகமானது, எல்லா இடத்திலும் இருப்பது, இரக்கமே இல்லாதது. எழுத வேண்டிய டிஸ்கின் பெயரில் ஓர் எழுத்து மாறினால், எந்தக் கேள்வியும் கேட்காமல் உங்கள் ஹார்ட் டிஸ்கின் மேலேயே எழுதிவிடும். அதற்கு டிஸ்க் டிஸ்ட்ராயர் என்று கேலிப்பெயர் உண்டு, பொருத்தமான பெயர்தான். மின்ட்டிலேயே பென்டிரைவில் ஐஎஸ்ஓ எழுத ஒரு சின்ன மென்பொருள் சேர்ந்தே வருகிறது. தொடக்கத்தில் அதுவே போதும்.

எழுதி முடித்த பென்டிரைவை விண்டோஸில் செருகினால் ‘இதை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?’ என்று ஒரு பெட்டி வரலாம். பென்டிரைவில் இப்போது விண்டோஸுக்குப் புரியாத பார்ட்டிஷன் இருக்கிறது, அதுதான் விஷயம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் ‘சரி’ கொடுத்தால் செய்த வேலை போச்சு.

பென்டிரைவிலிருந்து எழுப்புவது

லேப்டாப்பை ஆன் செய்த உடனே ஒரு குறிப்பிட்ட கீயை விட்டு விட்டு அழுத்தினால் பூட் மெனு வரும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9. ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். பூட் வரிசையையே நிரந்தரமாக மாற்றச் சொல்லும் வழிகாட்டிகள் இருக்கின்றன. தேவையில்லை, இந்த மெனு ஒருமுறைக்கு மட்டும் என்பதால் பிற்பாடு எதையும் திருப்பி மாற்ற வேண்டியிருக்காது.

எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் விண்டோஸே வருகிறதா? விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஏற்பாடு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. அரைத் தூக்கத்துக்குப் போய், அடுத்த முறை அவசரமாக எழுந்துவிடுகிறது. ஸ்டார்ட் மெனுவில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் சில தேர்வுகள் வரும். அதில் ஒரு சாதனத்தைப் பயன்படுத்தும்படி சொல்லும் தேர்வுக்குள் போனால் பென்டிரைவ் அங்கே இருக்கும். லெகசி முறையில் ஓடும் மிகப் பழைய கணினிகளில் மட்டும் இந்தத் தேர்வைப் பார்க்க முடியாது.

பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் தெரிவதும் உண்டு, ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் மின்ட் போடப்போகிறீர்கள் என்றால், விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் வெவ்வேறு முறையில் இருந்தால், ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனு ஒழுங்காக அமையாது.

அடுத்து, பலரும் பயப்படும் செக்யூர் பூட். யூஇஎஃப்ஐ ஒரு பூட் கோப்பை ஓட்டுவதற்கு முன், அதில் தனக்குத் தெரிந்தவரின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் ஓட்டாது. சாதாரண லேப்டாப்புகளுக்குத் தெரிந்த கையொப்பம் மைக்ரோசாஃப்டினுடையது. மின்ட், உபுண்டு போன்றவை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலை முதலில் வைத்திருப்பதால், செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலும் எழுந்துவிடும். எடுத்த எடுப்பில் அதை அணைக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. கையொப்பம் பற்றிய எரர் வந்தால் மட்டும் அணையுங்கள்.

அதிலும் ஒரு எச்சரிக்கை. பல புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும், வைத்திருப்பவருக்கே அது தெரியாது. செக்யூர் பூட் போன்ற அமைப்புகளில் கை வைத்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீயை முன்கூட்டியே ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் போட்டோ எடுத்தாலும் சரி, அதே லேப்டாப்பில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள்.

எல்லாம் சரியாகப் போனால் மின்ட் டெஸ்க்டாப் திரைக்கு வரும். இன்னும் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை; முழு இயங்குதளமும் பென்டிரைவிலிருந்தும் ரேமிலிருந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் தொடப்படவே இல்லை. அவசரப்பட்டு இன்ஸ்டால் ஐகானைக் கிளிக் செய்யாமல், வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். பழைய பிராட்காம் வைஃபை சிப் உள்ள லேப்டாப்பாக இருந்தால் இந்தச் சோதனை ரொம்ப முக்கியம். அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கலாம். இன்ஸ்டால் தொடங்கும்போது மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது.

விண்டோஸ் பென்டிரைவ் என்றால்

இங்கே சிக்கல் ஒரு கணக்கில் வருகிறது. யூஇஎஃப்ஐக்கு நிச்சயமாகப் படிக்கத் தெரிந்தது ஃபேட் வகை மட்டும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவிலோ இன்ஸ்டால் டபிள்யூஐஎம் என்ற ஒரே கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்கிறது. பென்டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கும்போது ‘கோப்பு பெரிதாக உள்ளது’ என்று காப்பி நின்றுவிடுவது இதனால்தான்.

விண்டோஸ் பென்டிரைவ் தயாரிக்க மைக்ரோசாஃப்டே தரும் மீடியா கிரியேஷன் டூல் அந்தக் கோப்பையே இன்னும் இறுக்கிச் சுருக்கி 4 ஜிபிக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ரூஃபஸ் வேறு வழியில் போகிறது. பெரிய பார்ட்டிஷனை, 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பும் அடங்கும் என்டிஎஃப்எஸ் முறையில் வைத்துவிட்டு, கடைசியில் மிகச் சின்னதாக ஒரு ஃபேட் பார்ட்டிஷனைச் சேர்க்கிறது. யூஇஎஃப்ஐ அதைத்தான் முதலில் திறக்கும். அதில் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் டிரைவர் இருக்கும். அதன் பிறகு பெரிய பார்ட்டிஷன் திறக்கும். விண்டோஸ் மட்டும் போடப்போகிறீர்கள், கணினியும் தகுதி உள்ளது என்றால் மீடியா கிரியேஷன் டூலே சுலபம். டிபிஎம் சோதனையை நீக்கிவிட்டு எழுதும் வசதி ரூஃபஸில் உண்டு. அப்படிப் போட்ட கணினிகளுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் லேப்டாப்புகளில் விண்டோஸ் இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியே இல்லை என்று காட்டுவது அடிக்கடி நடக்கிறது. எஸ்எஸ்டி பழுதில்லை. அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவே விஎம்டி என்ற இன்டெல்லின் அமைப்பு உட்கார்ந்திருக்கிறது, அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து ஆர்எஸ்டி என்ற பெயருள்ள அந்த டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். டிஸ்க் கேட்கும் திரையில் டிரைவரை ஏற்றும் தேர்வைக் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி தெரிந்துவிடும்.

ஒரே பென்டிரைவில் மின்ட்டும் வேண்டும், விண்டோஸும் வேண்டும் என்பவர்களுக்கு 2020-இல் வந்த வென்டாய் என்ற மென்பொருள் நல்ல வழி. அதைப் பென்டிரைவில் ஒருமுறை நிறுவிவிட்டால், சிப் தேடும் பூட் கோப்பு 32 எம்பி அளவுள்ள ஒரு குட்டிப் பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துகொள்ளும். மீதி இடத்தில் ஐஎஸ்ஓக்களை வெறுமனே காப்பி-பேஸ்ட் செய்தால் போதும். ஆமாம், முதலில் ‘செய்தால் வேலை செய்யாது’ என்று சொன்ன அதே காரியம்தான். ஐஎஸ்ஓவைத் திறக்கத் தெரிந்த நிரல் இப்போது பென்டிரைவிலேயே இருப்பதால் இது சாத்தியமாகிறது. செக்யூர் பூட் உள்ள கணினியில் முதல்முறை மட்டும் அதன் சாவியைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு நீலத் திரை வரும்.

வேலை முடிந்த பிறகு பென்டிரைவைப் பழையபடி கோப்பு வைக்கப் பயன்படுத்தப் பார்த்தால், 32 ஜிபி இருந்த இடத்தில் வெறும் சில எம்பி மட்டும் காட்டலாம். பென்டிரைவ் கெட்டுப்போகவில்லை, எழுதும்போது அதில் உருவான ஒரு சின்னப் பார்ட்டிஷனை மட்டும் விண்டோஸ் பார்க்கிறது. ரூஃபஸைத் திறந்து, ஐஎஸ்ஓ தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘பூட் இல்லை’ என்ற பொருளில் உள்ள தேர்வை வைத்து எழுதினால் முழு அளவும் திரும்பிவிடும். மின்ட்டில் இதற்கும் ஒரு ஃபார்மேட்டர் இருக்கிறது. ஆனால் உடனே அழித்துவிடாதீர்கள். புதிதாகப் போட்ட மின்ட்டும் விண்டோஸும் சேர்ந்து ஓரிரு பெரிய அப்டேட்டைத் தாண்டும் வரை அந்தப் பென்டிரைவை அப்படியே வைத்திருங்கள். விண்டோஸ் அப்டேட் ஒன்று மின்ட்டின் பூட் வரிசையைக் கலைத்துவிட்டால், அதே பென்டிரைவிலிருந்து பூட் செய்து, மெனுவில் இருக்கும் பூட் ரிப்பேரை ஓடவிட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.